வேலை இருந்தது, பெர்மிட் இல்லை

வேலை தேடிப் போகிறவரிடம் முதலில் கேட்கப்படுவது படிப்பல்ல, அனுபவமும் அல்ல. "ஐ.சி.யைக் காட்டுங்கள்" என்பதுதான் முதல் வார்த்தை. பெரும்பாலோருக்கு அது ஒரு கேள்வியாகவே தோன்றுவதில்லை. அட்டையை எடுத்து நீட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் அந்த முதல் வார்த்தையிலேயே நேர்முகத் தேர்வு முடிந்துபோகிறவர்களும் இந்நாட்டில் இருக்கிறார்கள். அவர்களில் இந்தியர்களும் உண்டு.

வேலை கிடைப்பதில் உள்ள தடைகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் உடற்பேறு குறைந்தோர், சிறைவாசம் முடிந்து வெளியே வந்தோர், கைக்குழந்தையோடு தனித்து விடப்பட்ட தாய்மார், ஐம்பது வயதில் ஆட்குறைப்புக்கு ஆளானோர் என்று ஒரு வரிசை சொல்லப்படுவது வழக்கம். எல்லாமே நியாயமான கவலைகள்தாம். ஆயினும் மலேசிய இந்தியர் ஒரு சமூகமாகச் சந்தித்த மிகப் பெரிய வேலைத் தடை, அடையாள அட்டையின் நிறத்தில் இருந்தது. 1969-ஆம் ஆண்டிலும் அதையடுத்த ஆண்டுகளிலும், உடல் வலுவும் தொழில் அனுபவமும் உள்ள பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர்கள், அவர்கள் வெட்டிவந்த மரங்கள் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே, வேலையிலிருந்து விலக்கப்பட்டனர். பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டபோது அவர்கள் பெயர் கூப்பிடப்படவில்லை. காரணம், அவர்கள் கையில் இருந்தது சிவப்பு அட்டை.

இந்தக் கதையை அறிந்த தலைமுறை மெல்ல மறைந்து வருகிறது. பள்ளி வரலாற்று நூல்களில் மே 13 கலவரத்துக்கும் புதிய பொருளாதாரக் கொள்கைக்கும் கிடைக்கும் இடம் இதற்குக் கிடைப்பதில்லை.

அட்டைக்கு நிறம் வந்த விதம்

மலாயாவில் அடையாள அட்டை பிறந்ததற்குக் குடியுரிமை காரணமல்ல. 1948-இல் அவசரகாலம் பிரகடனப்படுத்தப்பட்டபோது, காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளையும் வெளியே இருந்த பொதுமக்களையும் பிரித்தறிவதற்காகப் பிரிட்டிஷ் ஆட்சி பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட அனைவரையும் பதிவு செய்து அட்டை வழங்கியது. அட்டை வைத்திருப்பவர் எந்த நாட்டுக் குடிமகன் என்பதைப் பற்றி அன்று யாருக்கும் பெரிய அக்கறை இல்லை. அவர் காட்டிலிருந்து வந்தவரா, தோட்டத்தில் இருப்பவரா என்பதே சோதனைச் சாவடியில் தெரிய வேண்டியிருந்தது.

நிறத்தால் பிரிக்கும் முறை சுதந்திரத்துக்குப் பின்னர் வந்தது. குடிமக்களுக்கு நீலம். நிரந்தரவாசம் உண்டு, குடியுரிமை இல்லை என்ற நிலையில் இருந்தோருக்குச் சிவப்பு.

சிவப்பு அட்டைக்காரர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதற்கு அன்றைய சட்டங்களைப் பார்க்க வேண்டும். 1948-ஆம் ஆண்டுக் கூட்டரசு உடன்படிக்கையின்படி, மலாயா மண்ணில் பிறந்த இந்தியரும் சீனரும்கூடப் பெரும்பாலும் மனுச் செய்து, பல ஆண்டு வாசத்தை நிரூபித்து, மலாயோ ஆங்கிலமோ ஓரளவு தெரியும் என்று காட்டித்தான் குடியுரிமை பெற முடிந்தது. 1952-இல் இந்த விதி கொஞ்சம் தளர்ந்தது. 1957 ஆகஸ்ட் 31-இல் நிலைமை பெரிதும் மாறியது. அன்று முதல் இம்மண்ணில் பிறக்கும் குழந்தை, பெற்றோர் யாராக இருந்தாலும், சட்டப்படி தானாகவே குடிமகன் ஆனது. இந்தத் தாராளம் 1962 வரைதான் நீடித்தது. அதன்பின் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்று அரசமைப்புச் சட்டம் திருத்தப்பட்டது.

ஆனால் மெர்டேக்காவுக்கு முன் பிறந்தவர்களுக்கு இந்தத் தானியங்கிக் குடியுரிமை இல்லை. அவர்கள் மனுச் செய்தாக வேண்டும். உள்ளூரில் பிறந்தோருக்கு முதல் ஓராண்டு மொழிச் சோதனையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. அந்த ஓராண்டைத் தவறவிட்டவர்கள் மலாய் மொழியறிவைக் காட்ட வேண்டியிருந்தது. இதன் விளைவாக ஒரே லயத்து வீட்டில் 1955-இல் பிறந்த அண்ணனுக்குச் சிவப்பும் 1958-இல் பிறந்த தம்பிக்கு நீலமும் அமையக்கூடிய விசித்திரம் உண்டாயிற்று. தகப்பன் சிவப்பு, தாய் சிவப்பு, பிள்ளைகளில் பாதிப்பேர் நீலம் என்ற குடும்பங்கள் தோட்டங்களில் இருந்தன.

ஏன் மனுச் செய்யவில்லை?

இன்றைய இளையோர் இதைக் கேட்டால், அப்போதே மனுச் செய்திருக்கலாமே, அலட்சியம்தானே காரணம் என்று சொல்லிவிடுவார்கள். மேடைகளிலும் அப்படிச் சொல்லப்பட்டதுண்டு. தோட்டத்து வாழ்க்கையை உள்ளே போய்ப் பார்த்தால் அந்தக் குற்றச்சாட்டு அவ்வளவு எளிதாக நிற்காது.

முதலாவதாக, 1957-க்கும் 1968-க்கும் இடைப்பட்ட காலத்தில் அட்டையின் நிறத்துக்கும் வேலைக்கும் சம்பந்தமே இல்லை. தோட்டத்துத் துரைக்கு வேண்டியது பட்டையைக் காயப்படுத்தாமல் பால் வெட்டத் தெரிந்த கை. அது சிவப்பு அட்டைக்காரரின் கையா, நீல அட்டைக்காரரின் கையா என்று கிராணி கேட்டதில்லை. சம்பளம் ஒன்றே, லயத்து வீடு ஒன்றே, தொழிற்சங்கச் சந்தாவும் ஒன்றே. ஓட்டுப் போட முடியாது என்பதுதான் கண்ணுக்குத் தெரிந்த வித்தியாசம். ஃபெல்டா குடியேற்றத் திட்டங்களில் நிலம் கேட்கவும் சிவப்பு அட்டை உதவாது. ஆனால் தோட்டத்துத் தமிழர் எத்தனை பேர் அன்று ஃபெல்டா நிலத்தைக் கனவு கண்டார்கள்?

அடுத்து, மனுச் செய்வதற்கு ஆகும் செலவு. பட்டணத்துக்குப் போக ஒரு நாள், பாரம் நிரப்ப ஒரு நாள், சாட்சியைக் கூட்டிக்கொண்டு மறுபடி ஒரு நாள். நாட்கூலிக்காரருக்கு ஒவ்வொரு நாளும் ஒரு நாள் சம்பளம். பாரம் இருந்ததோ அவருக்குப் புரியாத மொழியில். எழுதிக் கொடுக்க ஆள் வேண்டும். மஇகா கிளைகளும் தொழிற்சங்கத்தினரும் பிரஜாவுரிமை மனு எழுதித் தரும் வேலையைச் செய்தார்கள் என்பது உண்மை. சாலையோரத் தோட்டங்களை எட்டிய அந்த உதவி, செம்மண் பாதையில் பத்து மைல் உள்ளே கிடந்த தோட்டங்களை அதே வேகத்தில் எட்டவில்லை.

பிறப்புப் பத்திரம் இன்னொரு பெரிய சிக்கல். லயத்து வீட்டில் மருத்துவச்சி கையில் பிறந்த குழந்தையின் பிறப்பு எல்லாச் சமயத்திலும் பதிவாகவில்லை. பதிவானாலும் பெயர் ஒழுங்காக இல்லை. வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று, செக்ரோலில் உள்ள பெயர் ஒன்று, கிராணி காதில் விழுந்தபடி எழுதிய பெயர் ஒன்று. மூன்றும் ஒரே ஆள்தான் என்று பதிவதிகாரியை நம்ப வைப்பதற்குள் மனுதாரர் சலித்துப் போனார். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் காகிதங்களைத் தொலைத்தவர்களின் கதை இதைவிட மோசம்.

மலாய் மொழிச் சோதனையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தோட்டம் என்பது கிட்டத்தட்ட ஒரு தமிழ்த் தீவு. கங்காணி தமிழ், தண்டல் தமிழ், கிராணி தமிழோ மலையாளமோ. வெள்ளைக்காரத் துரைமார்கூடத் தொழிலாளியிடம் வேலை வாங்குவதற்காகத் தமிழ் கற்றுக்கொண்டு தோட்டக்காரர் சங்கத்தின் தமிழ்ப் பரீட்சை எழுதினார்கள். தொழிலாளி தமிழைத் தவிர வேறு மொழி பேச வேண்டிய அவசியம் வராதபடி அந்த உலகம் கட்டப்பட்டிருந்தது. அப்படிக் கட்டியவர்கள் கப்பலேறிப் போய்விட்டார்கள். மொழி தெரியாத குற்றம் மட்டும் தொழிலாளியின் தலையில் நின்றது.

பெண்களின் நிலை தனி. குடிமகனின் மனைவி தன்னைப் பதிந்துகொள்ள அரசமைப்புச் சட்டம் வழிவிட்டது. அதற்குத் திருமணத்துக்குச் சான்று வேண்டும். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் ஊர் கூடித் தாலி கட்டியதற்கு அரசாங்கப் பத்திரம் ஏது? முஸ்லிம் அல்லாதார் திருமணங்களைக் கட்டாயம் பதிய வேண்டும் என்ற சட்டம் 1982 மார்ச் மாதத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. அதுவரை வழக்கப்படி நடந்த திருமணம் செல்லுபடியாகும். செல்லுபடியாகும் திருமணத்துக்கும் நிரூபிக்கக்கூடிய திருமணத்துக்கும் உள்ள தூரம், பதிவிலாகா முகப்புக்கு வந்து நிற்கும்போதுதான் தெரிந்தது.

ஊருக்குத் திரும்பிவிடலாம் என்ற எண்ணமும் பலரிடம் இருந்ததை மறைக்க வேண்டியதில்லை. தஞ்சையிலோ திருச்சியிலோ சேலத்திலோ கொஞ்சம் காணி, வயதான தாய், பங்காளிச் சண்டை எல்லாம் இருந்தன. குடியுரிமை எடுத்தால் ஊர் விட்டுப்போகும் என்று அஞ்சியவர்களும் உண்டு. வேறு நாட்டுக்குக் குடியேறிய எந்த முதல் தலைமுறையும் இப்படித்தான் இருக்கும்.

துண்டாடலும் பத்து வெள்ளியும்

1969-க்கு முன்பே தோட்டத்து வேலை ஆட்டம் காணத் தொடங்கிவிட்டது. சுதந்திரம் நெருங்கிய காலத்திலிருந்தே ஐரோப்பியக் கம்பெனிகள் சில தங்கள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக்கி மறுபடி விற்றார்கள். இதற்குத் தோட்டத் துண்டாடல் என்று பெயர். பேராசிரியர் உங்கு அப்துல் அசிஸ் 1951-லிருந்து 1960 வரையிலான துண்டாடலை ஆராய்ந்து விரிவான அறிக்கை தந்தார். ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் துண்டை வாங்கிய புது முதலாளிக்கு நிரந்தரத் தொழிலாளி தேவையில்லை, லயம் தேவையில்லை, தமிழ்ப்பள்ளியும் ஆஸ்பத்திரியும் தேவையே இல்லை. குத்தகைக்காரரிடம் விட்டால் குறைந்த கூலிக்கு ஆள் கிடைக்கும். 1954-இல் பல சங்கங்கள் இணைந்து உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம், பி.பி. நாராயணன் தலைமையில் பேசி வாங்கிய சம்பள ஒப்பந்தம், துண்டான தோட்டத்துக்குள் செல்லாக்காசாயிற்று.

துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இந்தச் சூழ்நிலையில்தான். நூறு வெள்ளிப் பங்கை மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம் என்று சொல்லித் தோட்டம் தோட்டமாகப் போனார். கெடாவில் உள்ள புக்கிட் சிடிம் தோட்டம் 1961-இல் வாங்கப்பட்டது. பால் வெட்டிய தொழிலாளியே தோட்டத்துக்குப் பங்குதாரன் என்பது அன்று நினைத்துப் பார்க்க முடியாத ஒன்று. ஆயினும் விற்பனைக்கு வந்த நிலப்பரப்போடு ஒப்பிட்டால் சங்கம் காப்பாற்றியது ஒரு பகுதியைத்தான்.

இதே காலத்தில் ரப்பர் விலை இறங்குமுகமாக இருந்தது. செயற்கை ரப்பரின் போட்டி வலுத்தது. பெரிய கம்பெனிகள் ரப்பரை அழித்துச் செம்பனை நடத் தொடங்கின. செம்பனைக்கு ஏக்கருக்குத் தேவைப்படும் ஆட்கள் குறைவு. ஆகவே 1960-களின் இறுதியில் தோட்டங்களில் வேலைக்கு ஆள் தேவை என்பதைவிட ஆளுக்கு வேலை தேவை என்ற நிலைமை வந்துவிட்டது. 1970-இல் தீபகற்ப மலேசியாவில் வேலையில்லாதோர் சுமார் 8 விழுக்காடு. இந்தியரிடையே அது 11 விழுக்காட்டை எட்டியிருந்தது. மூன்று இனங்களில் அதுவே அதிகம்.

1969

வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1968-இல் நிறைவேறியது. குடிமகன் அல்லாத எவரையும் பெர்மிட் இல்லாமல் வேலைக்கு வைத்துக்கொள்ளக் கூடாது, பெர்மிட் இல்லாமல் அவரும் வேலையை ஏற்கக் கூடாது என்பதே அதன் சாரம். நாட்டின் குடிமக்களுக்கு வேலையில் முன்னுரிமை தருவது எந்த அரசும் செய்யக்கூடியதுதான். அதை மட்டும் வைத்து யாரையும் குறை சொல்ல முடியாது. வெளிநாட்டு நிர்வாகிகளையும் தொழில் நிபுணர்களையும் மனத்தில் வைத்துப் பார்த்தால் சட்டம் நியாயமாகவே தெரியும். ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு, நேற்று விமானத்தில் வந்திறங்கிய வெளிநாட்டு மேலாளரும் முப்பது ஆண்டுகளாகப் பால் வெட்டும் சிவப்பு அட்டைக்காரரும் ஒன்றே. இருவரும் குடிமக்கள் அல்லர்.

சட்டம் நடைமுறைக்கு வந்தது 1969-இல். அந்த ஆண்டு மே 13-ஆம் தேதி கோலாலம்பூரில் கலவரம் வெடித்தது. அவசரகாலம் பிரகடனமானது. நாடாளுமன்றம் நிறுத்தி வைக்கப்பட்டது. துன் அப்துல் ரசாக் தலைமையில் தேசிய நடவடிக்கை மன்றம் நாட்டை நடத்தியது. துன் சம்பந்தனும் அதில் ஓர் உறுப்பினர். வேலையில்லாத் திண்டாட்டமே இனக் கசப்புக்கு ஒரு காரணம் என்று அரசு கருதியது. குடிமக்களுக்கு வேலை கண்டாக வேண்டும் என்ற அவசரத்தில் பெர்மிட் விதி இறுக்கமாக அமலாக்கப்பட்டது. நாடாளுமன்றம் மீண்டும் கூடியது 1971 பிப்ரவரியில்தான். தோட்டத் தொழிலாளர் பெர்மிட் கேட்டு அலைந்த அந்த மாதங்களில், அவர்களுக்காகக் கேள்வி எழுப்ப நாட்டில் மக்களவை என்ற ஒன்றே இயங்கவில்லை. இது போதுமான அளவு கவனிக்கப்படாத விஷயம்.

பெர்மிட்டின் இயல்பைப் புரிந்துகொண்டால்தான் பாதிப்பின் ஆழம் தெரியும். அது ஆளுக்குக் கொடுக்கும் பொதுவான உரிமை அல்ல. ஒரு முதலாளியிடம், ஒரு வேலைக்கு, ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் கொடுக்கப்படுவது. காலம் முடிந்தால் புதுப்பிக்க வேண்டும். அந்த வேலைக்குக் குடிமகன் கிடைப்பார் என்றால் புதுப்பிப்பது சந்தேகம். முதலாளி தோட்டத்தை விற்றுவிட்டாலோ, ரப்பரை அழித்துச் செம்பனை நட்டாலோ, தண்டலோடு மனத்தாங்கல் வந்து வேலை போனாலோ, பெர்மிட்டும் அதோடு போயிற்று. பக்கத்துத் தோட்டத்தில் வேலை காலியாக இருந்தாலும் நேரே போய் நிற்க முடியாது. சம்பளம் குறைவு என்று வாய் திறக்கவும் இரண்டு முறை யோசிக்க வேண்டும். நேற்றுவரை சங்கத்தின் துணிச்சலான உறுப்பினராக இருந்தவர் இன்று முதலாளியின் கையெழுத்தை எதிர்பார்த்து நிற்பவராக மாறினார்.

அதோடு தோட்டத்தில் வேலை போவது என்பது பட்டணத்தில் வேலை போவது போன்றதல்ல. லயத்து வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் வீடும் போகும். தண்ணீர், விறகு, பிள்ளையின் தமிழ்ப்பள்ளி, கடைக் கடன் எல்லாமே அந்த ஒரு பெயர்ப் பதிவில் தொங்கிக்கொண்டிருந்தவை.

ரஜூலா திரும்பிய வழி

பெர்மிட் கிடைக்காமலோ புதுப்பிக்கப்படாமலோ இந்தியாவுக்குத் திரும்பிய தோட்டத் தொழிலாளர்களின் தொகை சுமார் 60,000 என்று ஆய்வாளர்கள் பலர் குறிப்பிடுகிறார்கள். 1957 கணக்கெடுப்பில் மலாயா மக்கள்தொகையில் 11.3 விழுக்காடாக இருந்த இந்தியர், 1970-இல் தீபகற்பத்தில் 10.6 விழுக்காடாகக் குறைந்ததற்கு இந்த வெளியேற்றமும் ஒரு காரணம்.

பினாங்குக்கும் நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் இடையே ஓடிய ரஜூலா கப்பலை அறியாத மலேசியத் தமிழ்க் குடும்பம் அன்று இல்லை. பலரது தாத்தாவும் பாட்டியும் வந்ததும் அதே கப்பலில்தான். நாட்டை விட்டு நிரந்தரமாகப் போகிறவர்கள் ஊழியர் சேமநிதியில் சேர்ந்திருந்த பணத்தை எடுத்துக்கொள்ளலாம். முதுமைக்கென்று சேர்ந்த அந்தத் தொகை பயணச் செலவுக்கும் ஊரில் முதல் சில மாதச் சாப்பாட்டுக்கும் ஆனது. போனவர்களில் மலேசியாவிலேயே பிறந்தவர்களும் இருந்தார்கள். தமிழ்நாட்டை அவர்கள் அதுவரை பார்த்ததே இல்லை. பெற்றோரின் கையைப் பிடித்துக்கொண்டு போன பிள்ளைகளில் மெர்டேக்காவுக்குப் பின் பிறந்தவர்கள் சட்டப்படி மலேசியக் குடிமக்கள். நாட்டின் குடிமக்களுக்கு வேலை தேடித் தருவதற்காக வந்த சட்டம், அந்நாட்டின் குடிமக்களான குழந்தைகளைக் கப்பலேற்றியது.

இலங்கை மலையகத் தமிழரின் கதையோடு இதை ஒப்பிடுவோர் உண்டு. 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. அது கொடுமையான ஒப்பந்தம் என்பதில் ஐயமில்லை. ஆனாலும் அது ஒரு ஒப்பந்தம். இரண்டு அரசுகள் கையெழுத்திட்டன; மறுவாழ்வுத் திட்டங்கள் பெயரளவிலாவது இருந்தன; உலகம் அறிந்தது. மலேசியாவிலிருந்து போனவர்களுக்கு அப்படி எந்த ஒப்பந்தமும் இல்லை. யாரும் அவர்களை நாடு கடத்தவில்லை. வேலை மட்டும் மறுக்கப்பட்டது. மற்றது தானாக நடந்தது. அகதி என்ற பெயரும் இல்லை, தாயகம் திரும்பியோர் என்ற சலுகையும் இல்லை. ஒருவேளை அதனால்தான் இந்த வெளியேற்றம் அவ்வளவு அமைதியாக முடிந்துபோயிற்று.

தங்கிவிட்டவர்கள்

எல்லாரும் போகவில்லை. பெர்மிட்டைப் புதுப்பித்துக்கொண்டே காலம் தள்ளியவர்கள் ஒரு பகுதி. பெர்மிட் இல்லாமலே குத்தகைக்காரரிடம் வேலை செய்தவர்கள் இன்னொரு பகுதி. குத்தகைக்காரருக்கு இது வசதி. பெர்மிட் இல்லாதவர் சம்பளத் தகராறு என்று தொழிலாளர் இலாகாவுக்குப் போகமாட்டார்; சங்கத்தில் சேரமாட்டார்; சேமநிதி கட்டு என்று கேட்கமாட்டார். குடிமக்களின் வேலையைக் காப்பதற்கென வந்த விதி, நடைமுறையில் தோட்டத்துக்குள் ஒரு மலிவான தொழிலாளர் கூட்டத்தை உருவாக்கிவிட்டது. அவர்களோடு கூலியில் போட்டியிட வேண்டிய கட்டாயம் நீல அட்டைத் தொழிலாளிக்கு வந்தது. இதில் இலாபம் அடைந்தவர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

பதினைந்து ஆண்டுகள் கழித்து நிலைமை தலைகீழானது. 1970-களில் பாயான் லெப்பாஸ் போன்ற தடையற்ற வர்த்தக வட்டாரங்களில் தொழிற்சாலைகள் பெருகின. இளையோர் தோட்டத்தை விட்டு வெளியேறினர். தோட்டத்தில் பழம் வெட்டவும் பால் வெட்டவும் ஆள் இல்லை என்று தோட்ட நிர்வாகங்கள் முறையிடத் தொடங்கின. 1984-இல் மலேசியாவும் இந்தோனேசியாவும் மேடான் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. தோட்ட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் அங்கிருந்து ஆள் தருவிக்க அது வழிசெய்தது. அதற்கு முன்பே சட்டவிரோதமாகப் பலர் வந்து சேர்ந்துவிட்டிருந்தனர். பிழைக்க வந்த இந்தோனேசியத் தொழிலாளியின் மேல் குறை சொல்ல எதுவுமில்லை. 1920-களில் நாகப்பட்டினத்தில் கப்பலேறியவரின் வறுமைதான் அவருடையதும். ஆனால் 1970-இல் பெர்மிட் மறுக்கப்பட்டுத் திரும்பிய பால்வெட்டுத் தொழிலாளி, நாற்பது வயதில் போயிருந்தால், 1984-இல் அவருக்கு வயது ஐம்பத்து நான்கு. அவரது பிள்ளைகளுக்கு வேலை செய்யும் வயது. அந்தக் கைகள் இங்கேயே இருந்திருக்கக் கூடும்.

பேரப்பிள்ளைகள் காலம்

சிவப்பு அட்டையின் நிழல் தோட்டத்தோடு நிற்கவில்லை. தோட்டங்கள் வீட்டுமனைகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது, பத்திரச் சிக்கல் பட்டணத்துப் புறம்போக்குக் குடியிருப்புகளுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் கூடவே வந்தது. திருமணத்தைப் பதியாத பெற்றோர், பிறப்பைப் பதியாத பெற்றோர், அட்டை எடுக்காத பிள்ளை என்று அது தலைமுறை தாண்டியது. சிவப்பு அட்டைக்காரரின் பிள்ளை இங்கே பிறந்திருந்தால் சட்டப்படி குடிமகன்தான். ஆனால் பிறப்புப் பத்திரம் இருந்தால்தான் அதை நிரூபிக்க முடியும்.

2001-இல் மைகாட் அறிமுகமான பிறகு இந்தச் சிக்கல் இன்னும் இறுகியது. முன்பு ஒரு பட்டறையிலோ உணவுக் கடையிலோ அட்டை இல்லாமலும் வேலை பார்க்க முடிந்தது. இப்போது சம்பளம் வங்கியில் போகிறது. சேமநிதிக்கும் சொக்சோவுக்கும் எண் வேண்டும். லைசென்ஸ் எடுக்க எண் வேண்டும். எண் இல்லாத இளைஞருக்கு மிஞ்சுவது கைக்காசு தரும் வேலைதான். கார் கழுவுமிடம், லாரியில் மூட்டை இறக்குவது, இன்னும் சொல்லக் கூசும் சில வழிகள். குண்டர் கும்பலில் ஐ.சி. கேட்பதில்லை என்று சமூக சேவையாளர்கள் கசப்போடு சொல்வதுண்டு.

பத்திரமற்ற இந்தியர்களைப் பதிவதற்காக 2011-இல் மைடாஃப்தார் இயக்கம் நடத்தப்பட்டது. 2017-இல் மலேசிய இந்தியர் செயல்திட்டம் வெளியிடப்பட்டபோது அதே பெயரில் இன்னும் பெரிய அளவில் பதிவு நடந்தது. தொகை எவ்வளவு என்பதில் அரசியல் கட்சிகளுக்கிடையே நடந்த வாக்குவாதம், பத்திரம் இல்லாதவர்களைவிட அதிக இடத்தைப் பத்திரிகைகளில் பிடித்துக்கொண்டது வருத்தத்துக்குரியது. 2024 அக்டோபரில் நாடாளுமன்றத்தின் மக்களவை நிறைவேற்றிய குடியுரிமைத் திருத்தம், வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மாருக்குத் தகப்பன்மாருக்கு நிகரான உரிமையைத் தந்தது. அது வரவேற்கத்தக்கது. அதே திருத்தம், நிரந்தரவாசிகளுக்கு இங்கே பிறக்கும் குழந்தைக்கு 1962-க்குப் பிறகும் தொடர்ந்துவந்த தானியங்கிக் குடியுரிமையை எடுத்துவிட்டது. சிவப்பு அட்டைக் குடும்பங்களின் அடுத்த தலைமுறையைத் தொடும் மாற்றம் அது. முதல் செய்திக்குக் கிடைத்த விளம்பரத்தில் கால்வாசிகூட இரண்டாவதற்குக் கிடைக்கவில்லை.

2018-இல் ஆட்சிக்கு வந்த பக்காத்தான் ஹராப்பான் அரசு, சிவப்பு அட்டை வைத்திருக்கும் 60 வயதுக்கு மேற்பட்ட 3,407 இந்தியருக்குக் குடியுரிமை வழங்கப்படும் என்று அறிவித்தது. 60 வயது என்ற எல்லையைக் கணக்கிட்டுப் பார்த்தால் ஒன்று புலப்படும். 2018-இல் அறுபதைத் தாண்டியவர்கள் ஏறத்தாழ எல்லாரும் 1957 ஆகஸ்ட் 31-க்கு முன் பிறந்தவர்கள். அதாவது தானியங்கிக் குடியுரிமை வருவதற்கு முந்தியவர்கள். அவர்களில் இளையவருக்கு 1969-இல் வயது பன்னிரண்டு இருக்கலாம். மூத்தவர்கள் அன்று பால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். நீல அட்டையைக் கொண்டு இனி ஓட்டுப் போடலாம், குடிமக்களுக்கென உள்ள முதியோர் உதவித்தொகைக்கு மனுச் செய்யலாம். வேலைக்கு மனுச் செய்யும் வயதை அவர்களில் பெரும்பாலோர் கடந்துவிட்டிருந்தனர்.